யாருடைய பழம்?

ரொறொன்ரோவின் எக்ளிங்டன் மேற்கில், சுரங்க ரயில் நிலையத்துக்கு எதிரே, பென் நோபிள்மன் என்றொரு சிறிய பூங்கா உள்ளது. 2009இல் தொண்டர்கள் அங்கு பழமரங்கள் நட்டார்கள். நிலம் மாநகரசபையுடையது, பராமரிப்பு அயலவருடையது. இதைச் சொன்னபோது, தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்கும் நண்பர் கேட்டார்: "அப்ப ஆரும் வந்து பிடுங்கலாமோ?"

வேலிக் கதியாலுக்காக வழக்காடிய சமூகத்தில் இது நியாயமான கேள்விதான். 1968இல் கரெற் ஹார்டினும் இதையே கேட்டார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் மாடுகளைக் கூட்டுவர், முடிவில் நிலம் அழியும் என்றார். எனவே ஒன்றில் தனியுடைமை, அல்லது அரசுக் கட்டுப்பாடு. ஊரில் விரிவுரையாளனாக இருந்தபோது நானும் இதையே கரும்பலகையில் எழுதினேன்.

எலினோர் ஒஸ்ற்றம் 1990இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். சுவிஸ் மலை மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பானிய நீர்ப்பாசனங்களையும் மக்கள் தாமே விதி வகுத்து, தாமே கண்காணித்து, நூற்றாண்டுகளாகக் காத்துள்ளனர். ஹார்டின் கண்டது பொதுநிலத்தை அல்ல, விதியற்ற நிலத்தை. அந்தப் பூங்காவில் மரம் நட்ட அதே 2009இல் ஒஸ்ற்றத்துக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

பழமரத்துக்கு விதி ஏன் தேவை? பனிக்காலக் கடைசியில், மொட்டு விரியுமுன், கிளைகளைக் கத்தரிக்க வேண்டும். அப்பிள் காய்க்கப் பெரும்பாலும் அருகில் வேறோர் இன அப்பிளின் மகரந்தம் வேண்டும். பற்றீரியாவால் கிளை கருகினால், கருகலுக்குக் கீழே நன்றாக இறக்கி வெட்ட வேண்டும். தவறினால் பக்கத்து மரத்துக்கும் பரவும். இளங்கன்றுக்கு முதற் சில ஆண்டுகள் தவறாது நீரூற்ற வேண்டும். பறிப்பது சில நாள். பாடுபடுவது ஆண்டு முழுவதும். ஆகவே பறிப்பவர் யார் என்பதற்கு முன், பாடுபடுபவர் யார் என்று கேட்க வேண்டும்.

பங்கீட்டுக்கும் வழியுண்டு. இதே நகரில் 2008இல் தொடங்கிய ஓர் அமைப்பு, வீட்டு வளவுகளில் தொண்டர்கள் பறித்த பழத்தை மூன்றாக்கியது: ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று பறித்தவர்களுக்கு, ஒன்று உணவு வங்கி போன்ற இடங்களுக்கு.

ஆனால் ஒஸ்ற்றத்தின் ஒரு நிபந்தனையை நாம் மறக்கலாகாது: விதிக்குக் கட்டுப்படுவோர் விதியை வகுப்பதிலும் பங்குகொள்ள வேண்டும். தொண்டர் கூட்டங்கள் மாலையில் நடக்கும். அந்த நேரம் என் போன்றவர்கள் இரண்டாம் ஷிப்டில் நிற்போம். ஓய்வுநேரம் உள்ளவனே விதி வகுப்பான் என்றால், வேலியில்லாத தோட்டத்துக்கும் ஒரு வேலி இருக்கிறது. கதியாலைப் பிடுங்கலாம்; கடிகாரத்தை என்ன செய்வது?