நாட்குறிப்பு

நாட்குறிப்பு என்பது ஒருவர் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் செய்தவற்றையும் எண்ணியவற்றையும் நாள்வாரியாகத் தேதியிட்டு எழுதிவைக்கும் பதிவு ஆகும். இது தினக்குறிப்பு, நாட்குறிப்பேடு, டைரி எனவும் அழைக்கப்படும். தன்வரலாறு, நிகழ்வுகள் முடிந்து நெடுங்காலம் கழித்து நினைவிலிருந்து எழுதப்படுவது. நாட்குறிப்போ, அடுத்து என்ன நிகழும் என்பதை அறியாத நிலையில் எழுதப்படுவது. இதனாலேயே வரலாற்றாய்வாளர்கள் இதனை முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர்.

தமிழில் நாட்குறிப்புகள்

தமிழில் எழுதப்பட்ட நாட்குறிப்புகளுள் புகழ்பெற்றது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. சென்னைப் பெரம்பூரில் 1709-இல் பிறந்த இவர், பிரெஞ்சு ஆளுநர் டுப்ளேயின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் பணியாற்றினார். 1736 செப்டம்பர் 6-இல் தொடங்கும் இவரது நாட்குறிப்பு, 1761 சனவரியில் இவர் இறக்கும் வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் நீள்கிறது. கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை, கப்பல்களின் வருகை, புறப்பாடு ஆகியவற்றை எழுதிவைப்பதாக இவர் தொடக்கத்திலேயே தம் நோக்கத்தைக் குறிப்பிட்டுள்ளார். அன்றைய பேச்சு வழக்கும் வணிகச் சொற்களும் கலந்த நடையில் இது அமைந்துள்ளது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் இதில் விரிவாக இடம்பெறுகின்றன.

பிள்ளைக்குப் பின் அவரது குடும்பத்தைச் சேர்ந்த திருவேங்கடம் பிள்ளையும், பிற்காலத்தில் முத்து விசய திருவேங்கடம் பிள்ளையும் குறிப்பெழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தனர். புதுச்சேரியின் இரண்டாம் வீராநாயக்கர் எழுதிய நாட்குறிப்பும் (1778–1792) கிடைத்துள்ளது. இருபதாம் நூற்றாண்டில் மறைமலை அடிகள் (1876–1950) நெடுங்காலம் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார்.

இடைவெளியும் மீள்தொடக்கமும்

நாட்குறிப்பு நாள்தோறும் தவறாமல் எழுதப்படவேண்டும் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. ஆயினும் பெயர்பெற்ற நாட்குறிப்புகள் பலவும் சீராக எழுதப்பட்டவை அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளையின் தொடக்க ஆண்டுப் பதிவுகள் குறைவாகவே உள்ளன. அரசியல் நெருக்கடி மிகுந்த ஆண்டுகளில் அவை பெருகுகின்றன. சில காலப்பகுதிகளுக்குரிய குறிப்புகள் கிடைக்கவே இல்லை. 1756-இல் தலைமைத் துபாசிப் பதவியை இழந்த பின்னரும் இவர் எழுதுவதைக் கைவிடவில்லை.

இங்கிலாந்தின் சாமுவேல் பீப்ஸ் 1660 சனவரி 1 முதல் எழுதிவந்த நாட்குறிப்பை, தம் கண்பார்வை கெட்டுவிடும் என்று அஞ்சி 1669 மே 31-இல் நிறுத்தினார். அவர் அஞ்சியவாறு பார்வை போய்விடவில்லை. 1683-இல் தாஞ்சியர் பயணத்தின்போது மீண்டும் ஒரு நாட்குறிப்பு எழுதினார்.

நெதர்லாந்தில் நாசிகளிடமிருந்து மறைந்து வாழ்ந்த சிறுமி ஆன் பிராங்க், 1942 சூனில் நாட்குறிப்பைத் தொடங்கினார். போருக்குப் பின் மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் திரட்டப்படவேண்டும் என்ற வானொலி உரையை 1944 மார்ச்சில் கேட்ட பிறகு, முந்தைய பதிவுகளைத் தொடக்கத்திலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினார். அன்றாடப் பதிவையும் அதே வேளையில் தொடர்ந்தார். ஏறத்தாழ 1943-ஆம் ஆண்டு முழுமைக்குமான மூலக் குறிப்பேடுகள் தொலைந்துவிட்டதால், அக்காலத்துக்குத் திருத்திய வடிவமே இன்று எஞ்சியுள்ளது.

தொடர்வதற்குரிய முறைகள்

நாட்குறிப்பின் ஒவ்வொரு பதிவும் தனித்து நிற்கக்கூடியது. எனவே இடையில் விடுபட்ட நாட்கள் முன்னர் எழுதியவற்றின் மதிப்பைக் குறைப்பதில்லை. மீண்டும் தொடங்குவோர்க்குப் பின்வருவன பயன்படும்:

* விடுபட்ட நாட்களை நிரப்ப முயலாமல், அன்றைய நாளிலிருந்து தொடங்குதல். நிரப்பும் வேலை பெருகும்போது எழுதுவதே மீண்டும் நின்றுபோகும்.
* பழைய நிகழ்ச்சியை எழுத நேர்ந்தால், நிகழ்ந்த நாளையும் எழுதிய நாளையும் தனித்தனியே குறித்தல். இவ்வாறு குறிக்காவிடின், பின்னாளைய நினைவு அன்றைய சான்றாகத் தவறாகக் கொள்ளப்படும்.
* எழுதும் பொருளை வரையறுத்தல். கப்பல் வருகை, மழை, விலைவாசி போன்ற நிலையான பொருள்கள், எழுத ஏதுமில்லை எனத் தோன்றும் நாட்களிலும் இரண்டொரு வரிகளுக்கு இடந்தரும்.
* ஆண்டு, மாதம், நாள், கிழமை ஆகியவற்றைத் தவறாது எழுதுதல்.

பாதுகாப்பு

எழுதப்பட்ட குறிப்பு பேணப்பட்டால்தான் பயன்தரும். ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏடுகள் அவர் மறைந்து ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல் கலுவா மோம்பிரன் என்னும் பிரெஞ்சுக்காரரால் கண்டறியப்பட்டுப் படியெடுக்கப்பட்டன. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை இவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் மூலம் 1948 முதலே தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது. இதனால் தமிழில் எழுதப்பட்ட இந்நூலை ஆங்கிலம் அறிந்தோர் தமிழ் வாசகர்களுக்கு முன்னரே படிக்க முடிந்தது.