ஏற்காட்டைச் சுற்ற ஒரு சைக்கிள் போதும்!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, படகுச் சவாரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் பார்த்துவிட்டு மாலையே இறங்கிவிடுகிறோம். ஆனால், பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைப்போல சைக்கிளில் நிதானமாகச் சுற்ற இங்கும் ஒரு வழி உண்டு. ஏற்காட்டில் தொடங்கி ஏற்காட்டிலேயே முடியும், சுமார் 32 கி.மீ. லூப் ரோடு!

வழியெங்கும் சில்வர் ஓக் நிழல், மிளகுக்கொடி, காபித் தோட்டங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். கோடை மழைக்குப் பின் காபி பூக்கும். சில நாள்களே நிற்கும். மல்லிகை போன்ற அந்த மணம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வராது.

வார நாளில், காலையிலேயே கிளம்புங்கள். பனிமூட்டத்துக்கு விளக்கு அவசியம். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள்.