அவல் என்றால் பள்ளம்! மனை வாங்கும் முன் தெரிந்துகொள்ள ஒரு பழைய சொல்

அவல் என்றதும் கிருஷ்ண ஜெயந்தியும் குசேலரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், சங்கத் தமிழில் இதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அது, தாழ்வான நிலம்.

புறநானூற்றின் 187-வது பாடலில் ஔவையார் நிலத்தைப் பார்த்துப் பேசுகிறார். அதில் அவல் என்பது பள்ளம்; மிசை என்பது மேடு. பள்ளமோ மேடோ, அங்கு வாழும் ஆடவர் நல்லவராக இருந்தால் நிலமும் நல்லதுதான் என்கிறார்.

அகராதியில் அவலுக்குக் குளம் என்ற பொருளும் இருக்கிறது. பள்ளம் என்றால் தண்ணீர் தேங்கும்தானே!

இன்று இந்தப் பொருளில் யாரும் 'அவல்' என்று சொல்வதில்லை. ஆனால், நீர் நின்ற இடத்தைக் காட்டும் வேறு சொற்கள் ஊர்ப்பெயர்களில் இருக்கின்றன. வேடந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் ஆகியவற்றில் வரும் 'தாங்கல்' ஏரியைக் குறிக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தின் 'லேக் ஏரியா', பெயரிலேயே பழைய ஏரியைச் சுமக்கிறது.

பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடலாம். ஆனால், அங்கே தேங்க வேண்டிய மழைநீர் பக்கத்துத் தெருவுக்குள் புகும். 2015 பெருமழையில், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான வேளச்சேரி வெள்ளத்தில் தத்தளித்ததை மறக்க முடியுமா?

அதனால், மனை வாங்கப் போகிறீர்களா? பட்டா, பத்திரத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "இந்த இடத்துக்குப் பழைய பேரு என்னங்க? மழை பெய்தால் தண்ணி எத்தனை நாள் நிக்கும்?"