பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

“புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட…” யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஊர் முந்திவரும், ஆளின் பெயர் பிந்திவரும். வெறும் ஊர் போதாது. நயினாதீவு என்றால் எத்தனையாம் வட்டாரம், நெடுந்தீவு என்றால் கிழக்கா மேற்கா, ஊர்காவற்றுறை என்றால் கரம்பொன்னா நாரந்தனையா என்பதும் வேண்டும். அடுத்து ‘அன்னார்’ வருவார். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மைத்துனரும் என்று உறவு நீண்டு, ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று முடியும். சைவர் சிவபதம் அடைவார், கத்தோலிக்கர் கர்த்தருக்குள் நித்திரையடைவார். ஊர்ப்பேச்சில் இரண்டுபேரும் ‘மோசம் போட்டாராம்’தான்.

ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்காக வீடுகள் வேலையை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தன. கடல் கடந்து இழவு சொல்ல ஆள் அனுப்புவது லேசான காரியமல்ல. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளோடு தீவுப்பகுதியிலிருந்து சனம் பெருமளவில் கிளம்பியது. அதன்பிறகு பிறப்பிடமும் வதிவிடமும் ஒரே அறிவித்தலில் ஆயிரக்கணக்கான மைல் விலகி நின்றன. சிதறிய குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் பெயரோடு கூடுவது இன்றைக்கு அந்த அறிவித்தலில்தான். அதனால்தான் அதை வெறும் விளம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ஆங்கிலேயர் இதை ‘ஒபிச்சுவரி’ என்பார்கள். லத்தீனில் மறைவைக் குறிக்கும் ‘ஒபிதுஸ்’ அதன் வேர். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னர் அது மடாலயத்துப் பதிவேட்டின் பெயராக இருந்தது. இறந்த துறவிகள், கொடையாளர் பெயர்களை இறந்த நாளின்கீழ் எழுதிவைத்து, ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுக்காகச் செபிப்பார்கள்.

நம்மிடம் அந்த வேலையைச் செய்வது அந்தியேட்டியன்று, முப்பத்தோராம் நாளில், கையில் தரும் கல்வெட்டு. கல்லில் வெட்டியதல்ல, அச்சடித்த சிறு புத்தகம். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், வம்ச வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். இவற்றுள் முக்கியமானது திதி வெண்பா. ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்பதை நான்கு அடிக்குள் அடக்கிவிடுவார்கள். திவசம் தவறக்கூடாது என்பதற்காகவே அந்த வெண்பா. ஊர்ப் புலவர்கள் எத்தனையோ பேரின் எழுத்து இந்தப் புத்தகங்களில்தான் அச்சேறியது.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். கொல்லப்பட்டவர்களுக்கு நெடுந்தீவு நினைவுத்தூண் எழுப்பி, மே 15இல் அஞ்சலி செலுத்திவருகிறது. ஒரு வீட்டுக்குரிய திவசம் இங்கே முழுத் தீவுக்கும் உரியதாகிவிட்டது.

இடப்பெயர்வில் தொலைந்த கல்வெட்டுகளுக்குக் கணக்கில்லை. எஞ்சியவை இப்போது ரொறன்ரோ, லண்டன் அலுமாரிகளில் கிடக்கலாம். நூலக நிறுவனம் இப்படிப்பட்ட நினைவு வெளியீடுகளை மின்வருடி இணையத்தில் வைக்கிறது. வைத்திருப்பவர்கள் அங்கே ஒரு பிரதி கொடுத்தால், எந்தத் தீவுக்கும் எந்தத் தீவுக்கும் கலியாணத் தொடர்பு இருந்தது, யார் எந்தத் துறையில் தோணி வைத்திருந்தார்கள், எந்தக் கடை யாருடையது என்பதைப் பேரப்பிள்ளைகள் வம்ச வரலாற்றில் தேடிப் பார்க்கலாம்.