வண்டி ‘உட்கார்ந்து’ போச்சா? டயரை ஒரு பக்கமா தின்னுதா? குறைஞ்ச செலவில் சரிசெய்ய வழி இருக்கு!

மயிலாடும்பாறை:

தேனி மாவட்டம் கடமலை-மயிலை ஒன்றியத்தில் வண்டி ஓட்டி பிழைப்பவர்களுக்கு, டீசலுக்கு அடுத்தபடியாக கையை கடிப்பது டயர் செலவு. தேங்காய், முருங்கைக்காய், இலவம் பஞ்சு ஏற்றும் மினி லோடு வண்டிகள், தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள், வாடகை கார்கள் எல்லாமே வருசநாடு மலையடிவாரத்து மேடு பள்ளத்தில்தான் ஓடியாக வேண்டும்.

புது டயர் போட்டு கொஞ்ச நாளிலேயே ஒரு ஓரம் மட்டும் மொழுக்கென்று தேய்ந்து கம்பி தெரியும். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். ‘வண்டி உட்கார்ந்துருச்சு, டயரை தின்னுது’ என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

உடனே கடன் வாங்கி 2 டயர் போடுபவர்கள் உண்டு. ஆனால் ஸ்பிரிங், புஷ், சக்கரத்தின் நேர் இவற்றில் உள்ள கோளாறை அப்படியே விட்டுவிட்டால் அந்த புது டயரும் அதே ஓரத்தில்தான் தேயும். கோளாறை முதலில் சரிசெய்துவிட்டு டயரை கடைசியில் வாங்கினால்தான் காசு மிச்சம்.

டயரே காட்டிக்கொடுக்கும்

எங்கே கோளாறு என்பதை தேய்ந்து போன டயரை பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

* நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

* 2 ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் நன்றாக இருந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம்.

* உள் ஓரமோ, வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வு அல்லது நேர் மாறியிருக்கிறது.

* ஆங்காங்கே குழி விழுந்த மாதிரி தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, அல்லது வீல் பேலன்ஸ் சரியில்லை.

* டயரின் மேல் குறுக்காக உள்ளங்கையை தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும், திரும்பி வரும்போது ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மெண்ட் கோளாறு. கம்பி வெளியே தெரியும் டயரில் கையை வைத்துவிடக்கூடாது. கிழித்துவிடும்.

அலைன்மெண்ட் கோளாறு சாதாரண விஷயம் இல்லை. சக்கரம் போகும் திசையில் இருந்து வெறும் 1 டிகிரி விலகி நின்றாலே, 1 கிலோ மீட்டர் ஓடும்போது அந்த டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டு தேய்கிறது. 100 கிலோ மீட்டர் ஓடினால் 1.7 கிலோ மீட்டருக்கு டயரை ரோட்டில் வைத்து அரத்தால் ராவியதற்கு சமம். அப்புறம் டயர் எப்படி தாங்கும்?

ஜீப் வேறு, கார் வேறு

பழைய மகேந்திரா ஜீப்புகளிலும், டாடா ஏஸ் போன்ற லோடு வண்டிகளிலும் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். பொலிரோ, ஆம்னியில் பின்பக்கம் மட்டும் பட்டை. இந்த வண்டிகளில் பாரம் ஏற ஏற பட்டையின் வளைவு குறைந்து நேராகிவிடும். ஒரு பிளேட் உடைந்தாலோ, எல்லா பிளேட்டையும் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தாலோ ஆக்சிலே லேசாக நகர்ந்துவிடும். அப்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. பின்னால் வருபவர் பார்த்தால் வண்டி நண்டு மாதிரி சாய்வாக போவது தெரியும். டயர் தேய்வதற்கு இது ஒன்றே போதும்.

ஆல்டோ, சுவிப்ட் போன்ற கார்களில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். இது தளர்ந்து தாழ்ந்தால் சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாயும். அதனால் உள் ஓரம் முதலில் தேயும். வெளியில் நின்று பார்த்தால் டயர் புதுசு போலவே தெரியும். ஸ்டீயரிங்கை முழுசாக திருப்பி உள்பக்கம் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

டேப் இருந்தால் போதும்

வண்டி எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். பாரம் இறக்கிய வண்டியை சமமான தரையில் நிறுத்தி, 4 டயரிலும் காற்று சரிபார்க்க வேண்டும். பிறகு சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளக்க வேண்டும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஒன்றரை சென்டி மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கை சந்தேகப்படலாம்.

காராக இருந்தால் ஒரு மூலையை அழுத்தி விட்டுப்பார்க்கலாம். ஒரு தடவை மேலே வந்து நின்றால் ஷாக் அப்சார்பர் நல்லாயிருக்கு. தொட்டில் மாதிரி 3, 4 தடவை ஆடினால் அது போச்சு. விறைப்பான பட்டை ஸ்பிரிங் உள்ள ஜீப்புக்கு இந்த சோதனை சரிவராது. ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதே நல்லது.

எதை முதலில் செய்வது?

செலவே இல்லாததில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1. காற்று: வாரம் ஒரு முறை, வண்டி ஓடுவதற்கு முன்பு டயர் சூடில்லாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ, வண்டி கையேட்டிலோ இருக்கும். பாரம் ஏற்றினால் எவ்வளவு என்பதும் தனியாக போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள எண் அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதை பார்த்து காற்று அடிக்கக்கூடாது.

2. புஷ், பின், போல்ட்: பட்டையின் நுனியில் உள்ள சாக்கிள் புஷ், யூ போல்ட், காரில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்த செட்டை மாற்றுவதோடு ஒப்பிட்டால் இந்த சாமான்கள் விலை குறைவு. மூல வைகை ஆற்று தண்ணீரிலும் மணலிலும் இறங்கும் வண்டிகளில் புஷ் சீக்கிரம் அரிக்கும். ஆற்றில் இறங்கி வந்தால் அடிப்பாகத்தை கழுவிவிட்டு, கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடிப்பது நல்லது.

3. பட்டை: ஒரு பிளேட் உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். முழு செட்டும் தளர்ந்திருந்தால் பட்டறையில் கழற்றி வளைவு ஏற்றித் தருவார்கள். புது செட்டைவிட செலவு குறைவு என்றாலும், புதுசு அளவுக்கு நாள் தாங்காது. மெயின் பிளேட்டில் கீறல் இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். எது செய்தாலும் 2 பக்கமும் சேர்த்து செய்தால்தான் வண்டி சமமாக நிற்கும். வேலை முடிந்து சில நூறு கிலோ மீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடியும் முடுக்க வேண்டும்.

4. அலைன்மெண்ட்: மேலே சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான் இது. ஆடுகிற புஷ்சை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பார்த்தால் அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும். கொடுத்த காசு வீண்.

5. டயர்: கடைசியாக டயர். ஓரளவு தேய்ந்த டயரை முன்னுக்கு பின் மாற்றிப்போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். 8 ஆயிரம் முதல் 10 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு முறை இப்படி மாற்றினால் 4 டயரும் ஒரே மாதிரி தேயும். ஆனால் கார், ஜீப்புகளுக்கு பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்கு கீழே போகக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி. பட்டன் இடுக்கில் சின்ன ரப்பர் மேடு இருக்கும். டயர் தேய்ந்து அதற்கு சமமாகிவிட்டால் கழற்றிவிட வேண்டியதுதான்.

இதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க!

உடைந்த பட்டையையோ, சுருளையோ வெல்டிங் வைக்கக்கூடாது. ஸ்பிரிங் இரும்பை கண்டபடி சூடாக்கினால் அதன் முறுக்கு போய்விடும். வெல்டிங் வைத்த இடத்துக்கு பக்கத்திலேயே மறுபடியும் உடையும். அதேபோல் சுருள் நடுவே ரப்பர் கட்டையை சொருகி தூக்கி நிறுத்துவதும் வேண்டாம். உயரம் கிடைக்குமே தவிர, தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்ததுதான்.

பழைய சாமான் கடையில் அதே மாடல் வண்டியின் ஸ்பிரிங் ஜோடியாக கிடைத்து, துருவோ கீறலோ இல்லாமல், 2-ம் ஒரே உயரமாக இருந்தால் வாங்கலாம். ஆனால் பழைய ஷாக் அப்சார்பர் வாங்குவது ஏமாளித்தனம்.

கூடுதலாக 2 பிளேட் சொருகினால் இன்னும் பாரம் ஏற்றலாம் என்பது தப்புக்கணக்கு. ஸ்பிரிங் தாங்கினாலும் சேசிஸ், ஆக்சில், டயர், பிரேக் எதுவும் மாறவில்லையே! ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடி சேசிசுக்கு போகும். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் பிளேட்டா வந்து காப்பாற்றும்?

மலைப்பாதை மன்னிக்காது

மயிலாடும்பாறையில் இருந்து மல்லப்புரம் மலைச்சாலையில் போனாலும், கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என கேரளா பக்கம் ஏறினாலும் பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்தான். 2022-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி இரவு, சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டி பகுதி பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் கவிழ்ந்து 8 பேர் பலியானதை இந்த பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. மலையில் பிடி தவறினால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

மொழுக்கென்று தேய்ந்த டயர் ஈர ரோட்டில் வழுக்கும். பின்பக்கம் உட்கார்ந்த வண்டியில் முன்பக்கம் தூக்கி, ஸ்டீயரிங் லேசாகும். ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எப்.சி.க்கு போகும்போது மட்டும் வண்டிக்கு கீழே குனிந்து பார்த்தால் போதாது. காலையில் வண்டியை எடுக்கும் முன் 5 நிமிஷம் ஒதுக்கி 4 டயரையும் பட்டையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டால் டயர் செலவும் குறையும், வண்டியில் ஏறுகிற கூலி ஜனங்களும் சாயங்காலம் பத்திரமாக வீடு வந்து சேருவார்கள்.