பால்மர நிரையிலிருந்து செம்பனை உயிரணுவுக்கு

அன்று நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்பே, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் நிறைந்துவிடும். தலைவிளக்கும் உளியுமாக நிரைக்குள் போனவர்களுக்கு, வெயில் ஏறினால் பால் குறையும் என்பது கையனுபவம். காரணம் பட்டைக்குள் இருந்தது. குழாய்போல் ஒன்றோடொன்று இணைந்த உயிரணுக்களின் உள்நீர்தான் பால். இரவில் அவை நீரேறி விம்மியிருக்கும். வெயிலில் இலைகள் நீரை இழுக்கத் தொடங்கியதும் அழுத்தம் தணியும். அந்த அழுத்தத்துக்குத் தக்கபடி நேரம் வகுத்து உழைத்தவர்களின் அறிவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

இன்று நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. அதிலும் முன்பெல்லாம் கன்று நட்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டு காத்திருந்து, பழத்தைப் பிளந்தால்தான் ரகம் தெரியும். ஓடு தடித்திருந்தால் டூரா. ஓடு மெலிந்து சதை மிகுந்திருந்தால் டெனெரா. அதில் எண்ணெய் சுமார் 30 விழுக்காடு கூடுதல். 2013இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட குழு, ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை 'நேச்சர்' இதழில் அறிவித்தது. இப்போது நாற்றங்காலிலேயே இலைத் துணுக்கைச் சோதித்து ரகத்தைச் சொல்லிவிடலாம்.

எண்ணெய் ஊறும் வேகத்தை எது ஆளுகிறது என்பதோ ஒரு மரபணுவோடு முடிகிற கேள்வியல்ல. 2002இல் உமி ரம்லி, ஜான் ஹார்வுட் முதலானோர் செம்பனைத் திசு வளர்ப்பில் அதற்குக் கணக்குப் போட்டார்கள். கொழுப்பமிலம் ஆக்குவது ஒரு பகுதி, அதை எண்ணெயாகக் கோப்பது மறுபகுதி. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பொருளின் அளவைக் கூட்டி, இரு பக்கமும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். கட்டுப்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் பகுதியிடமும், மீதி இரண்டாவதிடமும் இருந்தது. ஏதோ ஒரு படியை மட்டும் முடுக்கி விளைச்சலைப் பெருக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இது நேரான பதில்: ஆட்சி பல படிகளுக்கும் பகிர்ந்தே இருக்கிறது.

பின்னமும் விழுக்காடும் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கின் அடிப்படை எட்டாததல்ல. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஒரு செம்பனைப் பழத்தைப் பிளந்து, ஓட்டின் தடிப்பையும் சதையின் அளவையும் காட்டியே பாடத்தைத் தொடங்கலாம். தாத்தா பாட்டி பால் வெட்டிய, அப்பா குலை வெட்டிய மரங்களுக்குள் நடப்பதை அறியும் உரிமை முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. அடுத்த கணக்கைப் போடும் இடத்திலும் அவர்கள் உட்கார வேண்டும்.