சின்னஞ்சிறு கார்களுக்கு வண்ணம் தீட்டும் கலை

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (வேதியியல்) மாணவர், ஒடுகத்தூர்

பொழுதுபோக்கு என்றவுடன் தபால்தலை சேகரிப்பதும் நாணயம் சேர்ப்பதும் நம் நினைவுக்கு வரும். பொம்மைக் காருக்கு வண்ணம் பூசுவதும் ஒரு பொழுதுபோக்கா என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆனால் வகுப்பில் மனப்பாடம் செய்த பரப்பு இழுவிசையும் கரைதிறனும் எனக்கு உள்ளபடியே விளங்கியது ஒரு பொம்மை அம்பாசடரிடம்தான். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தோற்றமும் வளர்ச்சியும்

உண்மையான காரை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வதே மாதிரிக் கார். இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1934-இல் ‘டிங்கி டாய்ஸ்’ என்ற பெயரில் இத்தகைய கார்களை விற்கத் தொடங்கியது. பொம்மை ரயிலோடு சேர்த்து வைப்பதற்காகச் செய்யப்பட்டதால், ரயிலின் 1:43 என்ற விகிதமே காருக்கும் வந்து சேர்ந்தது. பிறகு 1953-இல் ‘மேட்ச்பாக்ஸ்’ வந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததால், ஜாக் ஓடெல் என்பவர் தம் மகளுக்காகச் சிறிய சாலை உருளை ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே அந்தப் பெயர். 1968-இல் அமெரிக்காவின் ‘ஹாட் வீல்ஸ்’ வந்தது. இன்று நம் ஊர்க் கடைகளிலும் தொங்கும் அந்தக் கார்கள் ஏறக்குறைய 1:64 அளவின. தமிழகத்திலும் கேரளத்திலும் இளைஞர் பலர் போம் அட்டையை வெட்டி, அரசுப் பேருந்துகளை அச்சு அசலாகச் செய்து வண்ணம் தீட்டுகின்றனர்.

என் அம்பாசடர்

என் மாமா ஒடுகத்தூரில் பல ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டியவர். வெள்ளை அம்பாசடர். இரவு எந்நேரமும் பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் வேலூருக்கு விரைந்த வண்டி அது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1958 முதல் தயாரான அம்பாசடர், 2014-இல் நின்றுபோயிற்று. மாமாவின் வண்டியும் பழைய இரும்புக்குப் போயிற்று. அதன் படம்கூட எங்களிடம் இல்லை. ஆகவே அதைப்போல் ஒன்று செய்து அவரிடம் கொடுக்க விரும்பினேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு ஊரே கூடிய ஒரு நாளில், கடைவீதியில் சிவப்புப் பிளாஸ்டிக் அம்பாசடர் ஒன்றை வாங்கினேன். அளந்தபோது நீளம் 12 செ.மீ. இருந்தது. உண்மை வண்டியின் நீளம் சுமார் 432 செ.மீ. வகுத்தால் 36. ஆகவே அதன் விகிதம் 1:36.

இரண்டு தவறுகள்

முதல் தவறு: மெக்கானிக் கடையில் தின்னர் கலந்த பெயிண்ட் கொஞ்சம் வாங்கிவந்து பூசினேன். சிறிது நேரத்தில் காரின் கூரை இளகிச் சுருங்கிவிட்டது. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று தேர்வில் எழுதியவன்தான் நான்! தின்னரில் உள்ள டொலுயீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பொம்மைப் பிளாஸ்டிக்கையும் கரைக்கும் என்பது கைக்கு வரவில்லை. பிளாஸ்டிக்குக்கு நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே பாதுகாப்பானது.

இரண்டாம் தவறு: வேறொரு கார் வாங்கி, சிவப்பு தெரியக்கூடாது என்று அக்ரிலிக் வெள்ளையைக் கெட்டியாக ஒரே பூச்சில் பூசினேன். காய்ந்ததும் கதவுக் கோடுகள் மறைந்து, கைப்பிடிகள் மழுங்கி, சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்ததுபோல் நின்றது வண்டி.

என் தந்தை ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் தோலுக்கு ஸ்பிரே அடிப்பவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வேலை முடிந்து வந்தவர் காரைக் கையில் வாங்கி விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

“தடிப்பா ஒரு தபா அடிச்சிருக்க. மெல்லிசா நாலு தபா அடிக்கணும்பா. தோலுன்னா அதோட கிரெயின் தெரியணும். அதையே மூடிட்டா நல்ல தோல் எதுக்கு?” என்றார்.

எல்லாம் சுருங்கும், வண்ணம் சுருங்காது

அந்தச் சொல்லின் அறிவியலைப் பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். உண்மைக் காரில் எல்லாப் பூச்சும் சேர்ந்து 0.1 மி.மீ.க்குச் சற்று அதிகமாக இருக்கும். என் பூச்சு வெறும் 0.03 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். 36-ஆல் பெருக்கினால் 1 மி.மீ.க்கு மேல் வருகிறது. அதாவது, உண்மைக் காருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுண்ணாம்பு அப்பியதற்குச் சமம்! காரைச் சுருக்கலாம், வண்ணத் துகளையும் பரப்பு இழுவிசையையும் சுருக்க முடியாது. கெட்டியான வண்ணம் பள்ளங்களில் தேங்கி, கோடுகளை அடைத்துவிடுகிறது. இக்கலையின் முழு இரகசியமும் இதுதான்.

தோலிலும் இதே முறைதான். நிறமியும் பைண்டரும் கலந்த அடிப்பூச்சு முதலில். அது காய்ந்தபின் மேலே பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் லேக்கர் பூச்சு. கனமாக அடித்த தோல் மடித்தால் வெடிக்கும் என்று தந்தை விளக்கினார்.

செய்முறை

முதலில் காரைச் சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பசையைப் போக்கவேண்டும். வாட்டர் பேப்பரால் (1000 எண்ணுக்கு மேல்) மெல்லத் தேய்த்தால் வண்ணம் பிடித்துக்கொள்ளும். உலோகக் கார் துத்தநாகக் கலவையால் ஆனது. அதன்மேல் வண்ணம் எளிதில் ஒட்டாது. ஆதலின் பிரைமர் இன்றியமையாதது. சிவப்பின்மேல் வெள்ளை பூசுவதற்கும் சாம்பல் நிறப் பிரைமர் வேண்டும்.

அடுத்து, வண்ணத்தைப் பால்போல் நீர்க்கச் செய்து மெல்லிய பூச்சாகப் பூசவேண்டும். முதல் பூச்சில் திட்டுத்திட்டாகத் தெரியும், பதறக்கூடாது. நன்கு காய்ந்தபின் அடுத்த பூச்சைக் குறுக்குவாட்டில் பூசவேண்டும். எனக்கு ஐந்து பூச்சு தேவைப்பட்டது. அடர்நிறங்கள் சிறிய காரில் மேலும் கறுத்துத் தோன்றும். ஆதலால் அவற்றில் ஒரு சொட்டு வெள்ளை சேர்ப்பது நலம்.

இனி நுணுக்க வேலை. மிக நீர்த்த கறுப்பில் ஒரு துளி சோப்பு நீர் கலந்து, கதவுக் கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால் போதும். நுண்புழை ஏற்றத்தால் அதுவே கோடு முழுவதும் ஓடும். சாக்லேட் சுற்றிவரும் மெல்லிய அலுமினியத் தாளைப் பம்பரில் ஒட்டினால் குரோமியம்போல் மின்னும். வாடகைக் காரானால் மஞ்சள் எண்பலகையில் கறுப்பு எழுத்து. ஸ்பிரே டப்பா பயன்படுத்துவோர் திறந்தவெளியில், முகக்கவசத்துடன் அடிக்கவேண்டும்.

முடிவுரை

மூன்றாவது அம்பாசடரை மாமாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இடப்பக்கம் பின்கதவுல ஒரு நசுங்கல் இருக்குமேடா!” என்றார். அடையாளம் கண்டுகொண்டார் என்பதே எனக்குப் பரிசு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அறிவு என்பது அந்த வாயிலுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நான் நூலில் தேடியதைத் தந்தை கையில் வைத்திருந்தார். அடுத்த படிவத்தில் ‘தோல் மெருகுக் கலைஞர்’ என்று எழுதுவேன்.

நண்பர்களே, விடுமுறையில் ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிதாகப் பூசுங்கள், காயும்வரை பொறுங்கள்.